உங்க அம்மா செருப்பைக் கழற்றின ஞாயிற்றுக்கிழமை

பெரியவளே, தம்பி, இதை நீங்கள் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குப் போனில் சொல்லக் கூடாது. பொங்கலுக்கு வரும்போது கொடுக்கத்தான் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். காலேஜ் பஸ் ஓட்டுகிறவனுக்கு டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதுவதுதான் எழுத்து வேலை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பெரியவள் எனக்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினேன். நல்லா இருக்கும்மா என்றேன். அளவு சரியா இருக்கா என்று கேட்டாள். அப்புறம் சொன்னாள்.

“அம்மாவுக்கு வாங்கின கடையில வாங்கலப்பா. வேற கடை.”

போனை வைத்த பிறகு செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ரெண்டு வருஷமாக அந்தப் பிள்ளை, தான் வாங்கிக் கொடுத்த செருப்பு கடித்துத்தான் அம்மா போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காரியத்தன்று எல்லார் எதிரிலும் அதைச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பந்திக்கு இலை போதுமா என்று பார்க்கிறவன் மாதிரி எழுந்து போய்விட்டேன்.

பெரியவளே, செருப்பு கடிக்கவில்லை. நீ வாங்கித் தந்த செருப்பு காலில் இருந்திருந்தால் உங்க அம்மா இன்றைக்கு இருப்பாள். அதைக் கழற்ற வைத்தவன் நான். எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்க அம்மாவுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி மூணு வருஷம் கால் மரத்துப்போனதும் தெரியும். அது எப்படி இருந்தது என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். முதலில் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு, படுத்தால் கால் எங்கே இருக்கிறது என்று போர்வையை விலக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது என்றாள். ஒருநாள் சமையலறையில் ஒரு கால் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். இன்னொன்று கூடத்தில் கிடந்தது. கழன்று போனது அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, “இது யாரோ ஒருத்தர் கால், நான் வாடகைக்கு வெச்சிருக்கேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கால் டாக்டர் ரெண்டு விஷயம் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முதலாவதற்குப் பெரியவள் முதல் சம்பளத்தில் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தாள், சர்க்கரைக்காரர்கள் போடுகிற அந்த மெத்தென்ற செருப்பு. ரெண்டாவதற்கு நான் ஷெட்டிலிருந்து பழைய பஸ்ஸின் சைடு மிரர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் டீ குடித்ததும் அதைத் தரையில் மல்லாத்தி வைப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக அதன் மேல் நீட்டுவாள். பின்னாடி வண்டி வருதா பாருங்க என்பாள். லாரி ஒன்று வருது, வழி விடு என்பேன். இதுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

அந்தக் கடைசி வருஷம்தான் பெரியவளுக்கு இடம் பார்க்க ஆரம்பித்திருந்தோம். பெருங்களத்தூரில் ஒரு குடும்பம். பையன் நல்ல வேலை. பையனுடைய அத்தை பீர்க்கன்கரணையில் நம் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதுதான் பாக்கி. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் வந்த ஒரு இடம், பெண்ணுடைய அம்மாவுக்குச் சர்க்கரை, அது வம்சத்தில் வரும் என்று சொல்லித் திரும்பிப் போனது. தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “நீங்களா எதுக்கு சார் சொல்லிக்கினு திரியறீங்க, அவங்க கேட்டா பார்த்துக்கலாம்” என்றார். நானும் அம்மாவும் அதைப் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு என்றால், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது.

அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. ஏரி தளும்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் ஒரு மேடம் இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள், போனால் உடம்புக்கு நல்லது என்று மாடிவீட்டு அக்கா சொன்னார்கள். அந்த மேடம் கம்ப்யூட்டர் வேலையில் இருந்து, முதுகுவலி வந்து வேலையை விட்டவர்களாம். மருந்து கேட்காத உடம்பு மண்ணையும் காற்றையும் தொட்டுத்தான் சரியானது என்று அவர்களே சொன்னார்கள். கற்றுக்கொண்டு வந்து நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசனம் எல்லாம் கிடையாது. தண்ணீரைப் பார்த்து வெறுங்காலோடு நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தில் ஆரம்பித்து உச்சந்தலை வரைக்கும் எங்கே என்ன தெரிகிறது என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பிறகு கரை மேல் பேசாமல் மதகு வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

உங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உடம்பு அவளுக்கே அந்நியமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அதனால்தான் போனேன். அது மட்டும் பொய் இல்லை.

சிமெண்டு பெஞ்சில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் பெயர், வயசு, போன் நம்பர் எழுத வேண்டும். கடைசியில் ஒரு கட்டம், உடம்பில் என்ன கோளாறு என்று. சர்க்கரை இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள், அவர்கள் மட்டும் செருப்போடு நிற்கலாம், நடக்கலாம் என்று மேடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மேடம் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கேட்டார்கள்.

நான்தான் ரெண்டு பேருக்கும் எழுதினேன். என் பெயருக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிவிட்டு உங்க அம்மா பெயருக்கு வந்தேன். கடைசிக் கட்டத்தில் பேனா வைக்கும்போது தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். பையனுடைய அத்தை. அவர்களும் அன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறார்கள். “எழுதுங்கண்ணா, எழுதுங்க, அப்புறமா நான் எழுதறேன்” என்றார்கள். அவர்கள் கண் நோட்டின் மேல் இருந்தது.

‘இல்லை’ என்று எழுதினேன்.

மேடம் நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். உங்க அம்மா காலைப் பார்த்தார்கள். “அக்கா, உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. தாராளமா கழட்டிடுங்க” என்றார்கள். உங்க அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேள்விதான். ஆனால் கோபம் இல்லை. பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அவள் குனிந்து, குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

திரும்பி வந்தோம். தெருமுனையில், “பதினோரு வருஷ சர்க்கரையை ஒரு பேனாவால தீத்துட்டீங்களே. டாக்டருக்கு இனிமே இன்னா வேலை?” என்றாள். நான் அடுத்த வாரம் போக வேண்டாம் என்றேன். போகாவிட்டால்தான் சந்தேகம் வரும் என்றாள். அவள் சொன்னது சரி என்றுதான் அன்றைக்குப் பட்டது. நிச்சயம் ஆகிற வரைக்கும்தானே என்று பேசிக்கொண்டோம்.

ஆனால் மூணாவது வாரத்திலிருந்து அவளுக்கே அங்கே போவது பிடித்துவிட்டது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ரெண்டு வாரம் அவள் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகப் பொய் சொன்னாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சில்லென்று இருக்கிறது என்றால் இவளும் சில்லென்று இருக்கிறது என்பாள். புல் குத்துகிறது என்றால் குத்துகிறது. என்னிடம் தனியாக, “எனக்கு முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. காப்பி அடிக்கிறேன், பரீட்சையில அடிச்ச மாதிரி” என்றாள். அதனால் நடக்கும்போது நான் அவள் பக்கத்திலேயே நடந்து, மெதுவான குரலில் என் காலுக்குத் தெரிவதைச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கே ஈரம். இங்கே சின்னக் கல், தள்ளி வா. இது அருகம்புல், பனி இன்னும் காயவில்லை. இங்கே மண் பொசுபொசு என்று இருக்கிறது, எறும்பு தோண்டியிருக்கிறது. பேசாமல் நடக்க வேண்டும் என்பது விதி. மேடம் ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னே நடந்தார்கள்.

காலுக்குத் தெரியாவிட்டாலும் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. கையில் காற்றுப் படுகிறது, இந்தக் கைக்கு அதிகம், அந்தக் கைக்குக் கம்மி என்பாள். வெயில் முதலில் நெற்றியில் வருகிறதா கன்னத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். காற்று அந்தப் பக்கம் இருந்தால் வண்டலூர் ஜூ சிங்கம் கத்துவது கேட்கும். அதுக்கும் இன்னும் டீ வரலை போல என்பாள். நாமக்கோழி தண்ணீரில் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பல வருஷமாக அவளுக்கு உடம்பு என்றால் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஊசியும்தான். அந்தக் கரையில் அவளுக்கு மூச்சும் தோலும் திரும்பி வந்தது. வீட்டில் ராத்திரி நன்றாகத் தூங்கினாள். உன் அம்மா அந்த நாட்களில் போனில் சிரித்துப் பேசினாள் என்று நீ சொன்னாயே தம்பி, அதற்குக் காரணம் இதுதான்.

தை முடியப் போகிற ஒரு காலை. மதகு பக்கத்தில் நின்றாள். நான் சொல்ல வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இருங்க. தெரியுது.”

“என்ன தெரியுது?”

“இடது குதிங்கால். ஜில்லுனு கீது. நீங்க சொல்லாதீங்க, நானே சொல்றேன். ஈரம்தானே?”

ஈரம்தான்.  முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன், அன்றைக்கு ஸ்கூட்டர் சாவியைப் போட இடம் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தேன். வழியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். அவள் ரெண்டு, நான் ஆறு.

அன்று சாயங்காலம் கண்ணாடியை எடுத்து வைத்தேன். “அதான் தெரியுதே. இனிமே முள்ளு குத்தினா நானே கத்துவேன். அதை உள்ள வைங்க” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கண்ணாடியை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். அதற்கப்புறம் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதை விட்டது அந்த இடத்தில்தான். முதலில் செருப்பை விட்டோம், பிறகு கண்ணாடியை விட்டோம். முதலாவது பயத்தில். ரெண்டாவது சந்தோஷத்தில்.

மாசியில் கரை ஓரத்துச் சீமைக்கருவேலத்தை யாரோ வெட்டிக் குவித்திருந்தார்கள். கிளைகளை இழுத்துப் போன தடம் பாதை மேல் கிடந்தது. நான் பார்த்து, இந்தப் பக்கம் முள் இருக்கும், சுற்றி வா என்று சொன்னேன். சுற்றித்தான் வந்தாள். எங்கேயோ ஒன்று ஏறியிருக்கிறது. அவள் கத்தவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

நான் வாரம் பூராவும் டியூட்டியில் இருந்தேன், பொத்தேரிக்கும் தாம்பரத்துக்குமாக. வியாழக்கிழமை கூடத்துத் தரையில் ஒரு கறை பார்த்தேன். ரூபாய்க் காசு அளவு ஈரம். தள்ளி இன்னொன்று. குழம்பு சிந்தியிருக்கும் என்று துணி எடுத்துத் துடைத்தேன். நானே துடைத்தேன், பெரியவளே. வெள்ளிக்கிழமை அவள் பாதத்தில் மஞ்சள் வைத்துத் துணி கட்டியிருந்தாள். சின்னக் கீறல் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், அது முடிந்து திங்கள்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றாள். துணியை அவிழ்த்துக் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் கரைந்துவிடும் என்றாள். விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேசரி, பஜ்ஜி எல்லாம் அவளே செய்தாள். காய்ச்சல் முகத்தில் தெரிந்தது. அடுப்புச் சூடு என்றாள். புடவையைக் கால் மறையத் தழையக் கட்டியிருந்தாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று போனார்கள். பத்து நாள் கழித்து வேறு இடம் பார்த்துவிட்டதாகத் தரகர் சொன்னார். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. அப்போது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி நாட்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒரு விரல் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். பிறகு விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நீங்கள் ரெண்டு பேரும் இருந்தீர்கள், பார்த்தீர்கள். நீங்கள் இல்லாதபோது, கீழே மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் பேசினது மட்டும் சொல்கிறேன்.

மேடத்தைத் திட்டக் கூடாது, அவர்கள் கேட்டார்கள் என்றாள். அப்புறம், “பெரியவகிட்ட சொல்லாதீங்க. தன் கல்யாணத்துக்காகத்தான்னு மனசுல போட்டுக்கும்” என்றாள். சரி என்றேன். பிறகு நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அன்றைக்கு மதகு பக்கத்தில் நிஜமாகவே தெரிந்ததா என்று.

போர்வையின் கால் பக்கத்தைப் பார்த்தாள்.

“தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. நீங்க அத்தனை நாளா சொல்லிக்கினே வந்தீங்க இல்ல.”

  இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

அவள் போன மூணாம் நாள் பையனுடைய அத்தை துக்கம் விசாரிக்க வந்தார்கள். பெண்கள் எல்லாம் எழுந்து போன பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். “எனக்கும் எட்டு வருஷமா கீதுண்ணா. நீங்க இல்லைன்னு எழுதினதைப் பார்த்துட்டுத்தான் நானும் இல்லைன்னு எழுதினேன். நீங்க சுகர் இல்லாத குடும்பம், எங்க பக்கம் இருக்குன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவீங்களோன்னு பயம்.” நான் சொம்பை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ரெண்டு வீட்டுக்காரர்களும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துகொண்டு, அந்த முள் மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறோம். ஒருத்தருக்குக் குத்தியது.

பெரியவளே, உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். சொல்லிவிட்டேன். ரெண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததில் பாதி அவள் வார்த்தைக்காக. மீதிப் பாதி என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள. உன் கல்யாணம் காரணம் இல்லை. நீ எங்களிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் அந்த இடமே வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை. தம்பி, அம்மா காலைப் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று நீ அவள் மேல் கோபப்பட்டாய். அந்தக் கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள். அது சேர வேண்டிய இடம் இதுதான்.

இதுவரைக்கும் சனிக்கிழமை எழுதினேன். மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனேன். ரெண்டு வருஷத்தில் முதல் தடவை. பெரியவள் அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது பேர் போல ஏரியைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மேடம் உட்பட எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அத்தையும் நின்றார்கள், அவர்கள் காலில் மட்டும் செருப்பு இருந்தது. நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பாதம், குதிங்கால், கணுக்கால் என்று மேடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

பெஞ்சில் அதே நோட்டு. அட்டை கிழிந்து பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. பக்கத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். என் கையெழுத்து கிடைத்தது. உங்க அம்மா பெயர், வயசு, என் போன் நம்பர், ‘இல்லை’. நூலில் தொங்கிய பேனாவை எடுத்தேன். அது எழுதவில்லை. உள்ளங்கையில் ரெண்டு தடவை கிறுக்கிப் பார்த்த பிறகு மை வந்தது. ‘இல்லை’ மேல் ஒரு கோடு போட்டேன். இடம் கொஞ்சம்தான் இருந்தது. பொடி எழுத்தில், ‘சர்க்கரை, பதினோரு வருஷம். கால் மரத்துப் போயிருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டாம்’ என்று எழுதினேன்.

மேடம் சொல்லிக்கொண்டே முழங்காலுக்கு வந்திருந்தார்கள். மை காய ஊதிவிட்டு, நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.